கடைசி ஆளின் நேரம்: குடும்பமும் நண்பர்களும் கூடி ஓடும் பொழுதுபோக்குத் தடையோட்டங்கள்

பொழுதுபோக்கு ஓட்டம் என்பது பதக்கத்தையோ தகுதியையோ குறிவைக்காமல், ஓடி முடிக்கும் நிறைவுக்காகவும் கூட ஓடுபவர்களின் துணைக்காகவும் நடத்தப்படுவது. இதில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. பூங்காவிலோ சாலையிலோ 3 முதல் 10 கிலோமீட்டர் வரை ஓடும் ‘ஃபன் ரன்’ ஒன்று. சுவர், கயிற்று வலை, சேற்றுக் குழி, தவழ்ந்து போகும் குழாய், தூக்கிச் சுமக்கும் மூட்டை எனப் பல தடைகளைக் கடந்து ஓடும் தடையோட்டம் மற்றொன்று. பள்ளி விளையாட்டு விழாவில் ஒரே உயரக் கம்பங்களை வரிசையாகத் தாண்டும் ஹர்டில்ஸ் வேறு, இது வேறு. ஹர்டில்ஸில் அடுத்த தடை எது, எத்தனை அடியில் வரும் என்று ஓடுபவருக்கு முன்பே தெரியும். தடையோட்டத்தில் ஒவ்வொரு தடையும் உடலின் வேறொரு திறனைக் கேட்கும்.

போட்டி ஓட்டம் மனிதர்களைப் பிரித்து வரிசைப்படுத்துவதற்காக ஏற்பட்டது. ஒரே கோட்டில் கிளம்பியவர்களை முடிவுக்கோட்டில் முதல், இரண்டு, மூன்று என்று கடிகாரம் அடுக்கிவிடும். ஆனால் ஒரு குடும்பம் சேர்ந்து ஓடக் கிளம்பினால், அதில் முழங்கால் வலியுள்ள பாட்டியும் இருப்பார், கல்லூரி அணியில் ஆடும் பேரனும் இருப்பான், நூறு அடி பறந்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துவிடும் எட்டு வயதுக் குழந்தையும் இருக்கும். கடிகாரத்தின் போக்கில் விட்டால் முதல் கிலோமீட்டருக்குள் குடும்பம் கலைந்துபோகும். ஆகவே பொழுதுபோக்கு ஓட்டங்களை வகுத்தவர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் ஒன்றுதான்: சமமில்லாத கால்களை ஒரே ஓட்டத்தில் சேர்த்து வைப்பது எப்படி? இதற்கு நான்கு வழிகள் கையாளப்பட்டுள்ளன. வேகமானவரைக் கட்டிப்போடுவது, கிளம்பும் நேரத்தை மாற்றுவது, வெற்றியாளர் என்ற இடத்தையே எடுத்துவிடுவது, தனியாக எவராலும் கடக்க முடியாத ஒன்றைப் பாதையில் வைப்பது ஆகியவை அவை. 

வேகத்தைக் கட்டிப்போடுதல்

முதல் வழி தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எல்லோருக்கும் பழகியது. பொங்கல் விளையாட்டு விழாவிலும் சித்திரைப் புத்தாண்டு விழாவிலும் நடக்கும் சாக்கு ஓட்டம், எலுமிச்சைக் கரண்டி ஓட்டம், மூன்று கால் ஓட்டம் ஆகிய மூன்றிலும் காலின் வேகத்துக்கு மதிப்புக் குறைவு. சாக்குக்குள் நிற்பவர் ஓட முடியாது, குதிக்கத்தான் முடியும். எலுமிச்சையைக் கரண்டியில் ஏந்தி, கரண்டிக் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு போகிறவருக்கு வேகம்தான் முதல் எதிரி. நிதானமாக நடக்கும் பெரியம்மா, பாய்ந்து ஓடும் இளைஞனை இங்கே வென்றுவிடலாம்.

மூன்று கால் ஓட்டம் இவற்றில் தனி ரகம். ஒருவரின் வலக்காலும் மற்றவரின் இடக்காலும் கணுக்காலுக்கு மேலே துணியால் கட்டப்படும். இருவரும் தோளிலோ இடுப்பிலோ கை போட்டுக்கொண்டு, ‘உள்ளே, வெளியே’ என்று வாயால் எண்ணிக்கொண்டே அடி வைக்க வேண்டும். உயரமானவர் தன் எட்டைக் குறுக்கினால்தான் குட்டையானவர் விழாமல் வருவார். வேகமாக ஓடக்கூடிய இருவர் எண்ணாமல் கிளம்பி மூன்றாம் அடியில் மண்ணைக் கவ்வுவதும், அப்பாவும் மகளும் எண்ணிக்கொண்டே போய் முதலில் சேர்வதும் எந்த விழாவிலும் காணக்கூடிய காட்சி.

இந்தப் பிணைப்புக்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. ஜெர்மன் உளவியலாளர் ஓட்டோ கோலர் 1920களில் பெர்லினில் படகோட்டும் கழகத்தினரைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். ஒருவர் தனியாக எவ்வளவு நேரம் எடையைத் தூக்கித் தாங்குகிறார் என்று முதலில் பார்த்தார். பிறகு இருவரை இணைத்து, ஒருவர் கைவிட்டால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது என்ற நிலையில் பார்த்தார். இணையாக இருந்தபோது, வலிமை குறைந்தவர் தனியாகத் தாங்கிய நேரத்தைவிட அதிக நேரம் தாங்கினார். இருவரின் வலிமையும் ஏறக்குறைய சமமாக இருந்தபோதும், மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டபோதும் இந்தக் கூடுதல் குறைந்தது. நடுத்தரமான வேறுபாட்டில்தான் அது மிகுந்தது. இன்று இது ‘கோலர் விளைவு’ எனப்படுகிறது. ஜோடி சேர்க்கும்போது அணியின் அதிவேகக்காரரோடு புதியவரைப் போடாமல், புதியவரைவிடச் சற்றே தேறியவரைப் போடுவது நல்லது என்பதே இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இந்தக் கட்டிப்போடும் வழி நகர அளவில் வளர்ந்துள்ளது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த அந்நகரம் மீண்டெழுந்துகொண்டிருந்த காலத்தில், மக்களுக்கு ஊக்கம் தர 1912இல் தொடங்கிய ஓட்டம் இப்போது ‘பே டு பிரேக்கர்ஸ்’ என்ற பெயரில் நடக்கிறது. வளைகுடாக் கரையிலிருந்து பெருங்கடல் கரை வரை 12 கிலோமீட்டர். இதில் ‘பூரான்’ என்றொரு பிரிவு உண்டு. 13 பேர் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு ஒரே உடலாக ஓட வேண்டும். பூரானின் வேகம் அதன் மிக மெதுவான காலின் வேகம்தான்.

கிளம்பும் நேரத்தை மாற்றுதல்

இரண்டாவது வழியில் யாரும் தன் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. மெதுவானவர் முன்னே நின்றோ முன்னதாகவோ கிளம்புகிறார். இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டாவெல் என்ற ஊரில் 1878 முதல் ஈஸ்டர் காலத்தில் நடந்துவரும் ஓட்டம். தொலைவு 120 மீட்டர், புல்தரை. ஒவ்வொருவரின் பழைய ஓட்டங்களைப் பார்த்து, அவர் எத்தனை மீட்டர் முன்னே நிற்கலாம் என்று நடத்துபவர்கள் முடிவுசெய்வார்கள். தேர்ந்த வீரர் கடைசிக் கோட்டில் நிற்பார்.

குடும்ப ஓட்டத்தில் தொலைவுக்குப் பதில் நேரத்தைப் பகிர்வது எளிது. 3 கிலோமீட்டர் ஓட்டம் என்று கொள்வோம். வேகநடை போடும் பாட்டிக்குக் கிலோமீட்டருக்கு 12 நிமிடம், ஆக 36 நிமிடம். அம்மாவுக்கு 9 நிமிடக் கணக்கில் 27. பத்து வயதுப் பேத்திக்கு 8 நிமிடக் கணக்கில் 24. தினமும் ஓடும் மாமாவுக்கு 6 நிமிடக் கணக்கில் 18. பாட்டி காலை 6.00 மணிக்கும், அம்மா 6.09க்கும், பேத்தி 6.12க்கும், மாமா 6.18க்கும் கிளம்பினால், கணக்குப்படி நால்வரும் 6.36க்கு முடிவுக்கோட்டில் இருப்பார்கள். நடப்பில் யாரேனும் சில விநாடி முந்துவார்கள். யார் முந்துவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதில்தான் சுவாரசியம். மாமாவுக்குக் கடைசி 200 மீட்டரில் பாட்டியின் முதுகு கண்ணில் படும். பாட்டிக்குப் பின்னால் காலடி கேட்கும். முதல் வாரம் தனித்தனியே ஓடி நேரம் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் இப்படி ஓடுவது முறை. முதல் வாரம் வேண்டுமென்றே மெதுவாக ஓடும் தந்திரசாலிகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கணக்கைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் முன்னதாக வருபவருக்கு அந்த வாரம் முதலிடம் இல்லை என்ற விதி அதற்கு மருந்து.

இதே நோக்கத்தை வேறு விதமாக அடைந்தது கோலாலம்பூரில் 1938இல் தொடங்கிய ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’. பிரிட்டிஷ் ஆட்சிக்கால மலாயாவில் வேலை பார்த்த ஆல்பர்ட் கிஸ்பர்ட் என்பவரும் நண்பர்களும் தொடங்கிய இந்த ஓட்டத்தில் ‘முயல்’ எனப்படும் ஒருவர் முன்னே போய்க் காகிதத் துண்டுகளைத் தூவித் தடம் அமைப்பார். மற்றவர்கள் அத்தடத்தைத் தேடிக்கொண்டு ஓட வேண்டும். தடம் நடுநடுவே அறுந்துவிடும். சில கிளைகள் எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடும். முன்னே பறந்தவர்கள் பொய்த் தடத்தில் போய்த் திரும்பி வருவதற்குள், பின்னால் மெதுவாக வந்தவர்கள் சந்திப்பு இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். வேகக்காரர் இரு மடங்கு ஓடுவார், மற்றவர் ஒரு மடங்கு, கூட்டம் கலையாது. பிள்ளைகளோடு தோப்பிலோ பூங்காவிலோ ஓடுவதற்குக் கோலப்பொடித் தடம் போட்டு இதை அப்படியே நடத்தலாம்.

வெற்றியாளரை எடுத்துவிடுதல்

2004 அக்டோபர் 2ஆம் நாள் லண்டனின் புஷி பூங்காவில் பால் சிண்டன்-ஹெவிட் என்பவர் ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டத்தை நடத்தினார். ஓடியவர்கள் 13 பேர். இன்று ‘பார்க்ரன்’ என்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் காலையில் நடக்கும் இலவச ஓட்டத்தின் தொடக்கம் அது. ஓடுபவர் ஒருமுறை பதிந்து தன் பார்கோடைக் கொண்டுவந்தால் போதும். நேரம் குறிக்கப்படும், பரிசு கிடையாது. நடந்து முடிப்பவர்களும், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு வருபவர்களும் அதே பட்டியலில் இடம்பெறுவார்கள்.

இதன் அமைப்பில் மிக நுட்பமான ஏற்பாடு கூட்டத்தின் வாலில் இருக்கிறது. தன்னார்வலர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதை வேலையாக ஏற்றுக்கொள்கிறார். கடைசி ஆள் என்ற பட்டம் அவருக்குப் போய்விடுவதால், ஓட வந்த எவரும் கடைசியாக வருவதில்லை. முதல்முறை வரத் தயங்குபவருக்கு ‘எல்லோரும் நமக்காகக் காத்திருப்பார்களே’ என்ற கூச்சம்தான் பெரிய தடை. அந்தத் தடையை நீக்க ஒரே ஒரு மனிதர் போதுமாக இருக்கிறார். 4 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் 2 கிலோமீட்டர் ஓட்டம் தனியே நடக்கிறது.

இந்தியாவில் 2004இல் தொடங்கிய மும்பை மாரத்தானில், 42 கிலோமீட்டர் ஓடும் வீரர்களோடு ‘ட்ரீம் ரன்’ என்ற குறுந்தொலைவுப் பிரிவும் வைக்கப்பட்டது. வேடமிட்டும் பதாகை ஏந்தியும் குடும்பமாக நடந்து போகிறவர்கள் அதில் மிகுதி. பெரிய நகர ஓட்டங்களில் இத்தகைய பிரிவு இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது.

தடையின் கதை

தனியாகக் கடக்க முடியாததைப் பாதையில் வைக்கும் நான்காவது வழிக்கு வரலாறு நீளம். தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயம் முதலில் குதிரைக்கு உரியதாக இருந்தது. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 1752இல் இருவர் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து மற்றொரு தேவாலயக் கோபுரத்தைக் குறியாக வைத்து, இடையிலுள்ள வேலி, வாய்க்கால், கல்சுவர் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை ஓட்டினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கோபுரத்துக்குரிய ‘ஸ்டீபிள்’ என்ற சொல்லே ‘ஸ்டீபிள்சேஸ்’ என்ற பெயரில் நிற்கிறது. மனிதர் ஓடும் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் இன்று 28 தடைகளும் 7 நீர்த் தாவல்களும் உள்ளன. ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்கு 76.2. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நீச்சலுக்கும் ஒரு தடைப் போட்டி இருந்தது. சேன் ஆற்றில் 200 மீட்டர். ஒரு கம்பத்தில் ஏறி இறங்கி, ஒரு வரிசைப் படகுகளின் மேல் ஏறிக் கடந்து, அடுத்த வரிசையின் அடியில் மூழ்கிச் செல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஃபிரடெரிக் லேன் அதில் வென்றார். ஒலிம்பிக்கில் அப்போட்டி மறுபடி நடக்கவில்லை.

தடைகளை உடற்பயிற்சி முறையாக ஒழுங்குபடுத்தியவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர். 1902இல் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து சான்-பியேர் நகரமே அழிந்தபோது அவர் மீட்புப் பணியில் ஈடுபட்டார். ஆபத்தில் உதவ விரும்பும் மனம் மட்டும் போதாது, ஏறவும் சுமக்கவும் நீந்தவும் பழகிய உடல் வேண்டும் என்ற அவருடைய கொள்கைக்கு அந்த அனுபவம் உரமிட்டது. நடை, ஓட்டம், தாவல், நான்கு காலில் தவழ்தல், ஏறுதல், சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல் என்று பத்து வகைகளாக அவர் வகுத்த ‘இயற்கை முறை’ பிரெஞ்சுப் படைகளின் தடைப் பயிற்சிக் களத்துக்கு அடிப்படையாயிற்று. படைமுகாம்களில் இருந்த தடைகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதில் சுவிட்சர்லாந்துக்குப் பங்குண்டு. சூரிச்சில் 1968இல் திறக்கப்பட்ட ‘வீட்டா பார்க்கூர்’ என்ற காட்டுப் பாதையில் இடையிடையே மரக்கம்பங்களும் வளையங்களும் நடப்பட்டு, குடும்பங்கள் ஓடி நின்று பயிற்சி செய்து மீண்டும் ஓட வழி செய்யப்பட்டது.

சேறும் சுவரும் கலந்த இன்றைய தடையோட்டம் இங்கிலாந்தில் பிறந்தது. உல்வர்ஹாம்டன் நகருக்கு அருகே பெர்ட்டன் என்ற இடத்தில் முன்னாள் படைவீரர் பில்லி வில்சன் 1987இல் தன் பண்ணையில் ‘டஃப் கை’ என்ற ஓட்டத்தைத் தொடங்கினார். ஜனவரிக் குளிரில் உறைநீர்க் குட்டைகளில் இறங்கி ஏற வேண்டியிருந்ததால், உடல்வெப்பம் தாழ்ந்து துவண்டவர்கள் ஆண்டுதோறும் இருந்தனர். பிறகு அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு இரண்டு நிறுவனங்கள் இதைப் பெருவணிகம் ஆக்கின. ஜோ டி சேனா தொடங்கிய ‘ஸ்பார்ட்டன் ரேஸ்’ நேரத்தைக் கணக்கிட்டது. 5 கிலோமீட்டரில் 20 தடைகள், 10 கிலோமீட்டரில் 25, 21 கிலோமீட்டரில் 30 என்று படி வைத்தது. தடையில் தோற்றவருக்கு 30 ‘பர்ப்பி’ (தரையில் படுத்தெழுந்து குதிக்கும் பயிற்சி) தண்டனை என்பது அதன் அடையாளமாயிற்று. வில் டீனும் கை லிவிங்ஸ்டனும் தொடங்கிய ‘டஃப் மடர்’ எதிர்த் திசையில் போனது. அங்கே வெற்றியாளர் அறிவிப்பு இல்லை. நேரத்தைவிட நட்பும் கூட்டு முயற்சியுமே பெரிது என்று தொடக்கக் கோட்டில் எல்லோரும் உறுதிமொழி எடுத்துக்கொள்வார்கள். பென்சில்வேனியாவில் நடந்த அதன் முதல் ஓட்டத்துக்குச் சுமார் 4,500 பேர் வந்தனர். 2020இல் ஸ்பார்ட்டன் நிறுவனமே டஃப் மடரை வாங்கிக்கொண்டது. இந்தியாவில் 2012 முதல் ‘டெவில்ஸ் சர்க்கிட்’ 5 கிலோமீட்டரில் 15 தடைகள் என்ற அளவில் பல நகரங்களில் நடந்துவருகிறது.

சுவரை ஏறும் வரிசை

டஃப் மடரின் சில தடைகள் தனியாளை வேண்டுமென்றே தோற்கடிப்பவை. ‘பிரமிட்’ தடையில் வழுக்கும் சரிவு ஒன்று இருக்கும். பிடிக்க ஒன்றும் இருக்காது. கீழே சிலர் சரிவில் சாய்ந்து நிற்க, அவர்கள் தோளில் சிலர் நிற்க, அந்த மனித ஏணியில் ஏறித்தான் உச்சியைத் தொடலாம். நம் ஊர் வழுக்கு மரத்தில் எண்ணெய் பூசிய கம்பத்தைச் சுற்றித் தோள்மேல் தோளாக இளைஞர்கள் ஏறுவது இதே கணக்குதான். மற்றொரு தடையில் நீர்க்குட்டைக்குள் பெரிய பெட்டித் தூண் அச்சில் சுழலும். ஒரு பக்கம் சிலர் நீரில் நின்று தள்ளினால்தான் மறுபக்கம் தொங்குபவர் மேலே எழும்பி அப்பால் விழுவார். விழுந்தவர் திரும்பி நின்று இழுத்தால்தான் தள்ளியவர்கள் வர முடியும்.

சாதாரணப் பலகைச் சுவரில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். உயரம் 3 மீட்டர், பிடியோ படியோ இல்லை, ஐந்து பேர் கொண்ட அணி. இருவர் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, விரல்களைக் கோத்துத் தொடைமேல் வைத்துக் கையால் படி அமைக்கிறார்கள். ஏறுபவர் ஒரு பாதத்தை அந்தப் படியில் வைத்து எழும்பி, அடுத்த அடியைத் தோளில் வைத்து, உச்சிப் பலகையைப் பிடித்துக் கவைபோட்டு உட்காருகிறார். முதலில் யார் ஏறுவது என்பதில் புதிய அணிகள் தவறு செய்யும். ‘பாவம், முதலில் இவர் ஏறட்டும்’ என்று ஆகச் சிறியவரை ஏற்றிவிடுவார்கள். பலசாலி கடைசியாகக் கீழே நிற்பார். அவரை மேலே இழுக்க ஆள் இருக்காது. பழகிய அணி கைவலிமை உள்ள ஒருவரை முதலில் ஏற்றி மேலே உட்கார வைக்கும். நடுவில் சிறியவர்களும் தயங்குபவர்களும் கீழிருந்து தள்ளலும் மேலிருந்து இழுப்பும் சேர்ந்து ஏறுவார்கள். கடைசி ஆளுக்குத் தள்ள யாரும் இல்லை. ஆகவே நன்றாக ஓடித் தாவக்கூடியவர் கடைசியாக நிற்க வேண்டும். அவர் ஓடிவந்து சுவரில் ஓரடி மிதித்து எழும்பும் கணத்தில் மேலே இருவர் கை நீட்டுவார்கள். வியர்வையிலும் சேற்றிலும் உள்ளங்கை வழுக்கும் என்பதால், மணிக்கட்டோடு மணிக்கட்டாகப் பற்றுவதே முறை. ஒரு சுவரின் முன் நடக்கும் இந்த ஒரு நிமிடப் பேச்சில் யார் எதில் வல்லவர், யாருக்கு எங்கே பயம் என்பது அணிக்குத் தெரிந்துவிடுகிறது.

சேர்ந்து வருந்துவதன் பயன்

பணம் கொடுத்துச் சேற்றில் புரள்வதை ஆய்வாளர்களும் கவனித்துள்ளனர். ரெபெக்கா ஸ்காட், ஜூலியன் காய்லா, பெர்னார் கோவா ஆகியோர் டஃப் மடரில் ஓடியவர்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, நாள் முழுதும் மேசையில் அமர்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வலி மறந்துபோன உடலை மீட்டுத் தருகிறது என்று வாதிட்டது.

வலி உறவையும் இறுக்குகிறதா என்று பிராக் பாஸ்டியனும் சக ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியாவில் சோதித்தனர். முன்பின் அறியாதவர்களைச் சிறு குழுக்களாக்கிச் சில குழுக்களைப் பனிநீரில் கை வைக்கச் சொன்னார்கள்; ஒரு சோதனையில் காரமான மிளகாயைக் கடிக்கச் சொன்னார்கள். வலியில்லாத வேலை கிடைத்த குழுக்களைவிட இவர்கள் தமக்குள் நெருக்கம் உணர்ந்தார்கள்; அடுத்து ஆடிய பண விளையாட்டில் கூடுதலாக ஒத்துழைத்தார்கள். 2014இல் வெளியான இந்த ஆய்வு சிறு எண்ணிக்கையினரைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் நடந்தது என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் எம்மா கோஹெனும் சக ஆய்வாளர்களும் பல்கலைக்கழகப் படகோட்டிகள் 12 பேரைத் தனியாகவும் குழுவாகவும் 45 நிமிடம் துடுப்பு இயந்திரத்தில் பயிற்சி செய்ய வைத்தனர். உழைப்பு ஒரே அளவு. ஆயினும் குழுவாகத் துடுப்பிட்ட பிறகு அவர்களின் வலி தாங்கும் வரம்பு தனியாகச் செய்தபோது உயர்ந்ததைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தது. உடலில் சுரக்கும் எண்டார்ஃபின் இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. பின்னர் பார்க்ரன் ஓட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வொன்றில், துணையோடு வந்த நாட்களில் ஓடுபவர்கள் கூடுதல் உற்சாகத்தை உணர்ந்ததாகவும், அந்த உற்சாகம் வேகத்திலும் தெரிந்ததாகவும் கண்டறியப்பட்டது.

ஆபத்துகள்

சுளுக்கும் சிராய்ப்பும் தடையோட்டத்தில் சாதாரணம். உயிருக்கு ஊறு விளைவிப்பவை மூன்று: வெப்பம், நீர், சேறு. ஓட்டத்தின்போது உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பேச்சுக் குழறினாலோ நடை தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. தண்ணீர் குடிக்கக் கொடுத்துக் காத்திருப்பது தவறு. உடனே குளிர்ந்த நீரில் கிடத்தியோ நனைத்தோ உடலைக் குளிர்விப்பதும் மருத்துவ உதவிக்கு அழைப்பதும் ஒருசேர நடக்க வேண்டும். தமிழ்நாட்டின் நெடுந்தொலைவு ஓட்டங்கள் விடியும் முன்பே தொடங்கிவிடுவது இதனால்தான்.

நீர்த் தடைகளில் மேலே குதிப்பவர் கீழே இருப்பவர்மீது விழுவதும், கலங்கல் நீரில் மூழ்கியவர் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் நடக்கும். 2013இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த சேற்றோட்டம் ஒன்றில் உயர மேடையிலிருந்து நீரில் குதித்த 28 வயது இளைஞர் மூழ்கி இறந்தார். ஒருவர் கரையேறியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தவரைக் குதிக்க விடும் விதிக்கு எந்த விலக்கும் கூடாது.

சேற்றுநீர் வாய்க்குள் போவதால் வரும் நோய்களுக்கும் பதிவுகள் உள்ளன. 2012 அக்டோபரில் நெவாடாவில் மாட்டுப் பண்ணை நிலத்தில் நடந்த ஓட்டத்துக்குப் பின் 22 பேருக்குக் கேம்பைலோபேக்டர் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. சேற்றுநீரை அறியாமல் விழுங்கியதோடு அது தொடர்புபட்டிருந்தது. மலேசியாவின் சபாவில் 2000ஆம் ஆண்டு நடந்த பல நாள் சாகசப் போட்டியில் ஆற்றில் நீந்தியவர்களிடையே எலிக்காய்ச்சல் பரவியது. விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு அந்நோயின் அறிகுறிகள் இருந்தன. நெல்வயலில் இறங்குபவர்களுக்கு வரும் அதே எலிக்காய்ச்சல்தான் இது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ மழைக்குப் பிறகு வயல் சேற்றில் ஓட்டம் நடத்துபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். தோண்டிய குழியில் புதுமண்ணும் குழாய் நீரும் கலந்து சேறு செய்வதும், காலில் புண் உள்ளவர்களைச் சேற்றில் இறக்காமல் இருப்பதும், முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் குளிப்பதும் ஆபத்தைக் குறைக்கும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

குடும்பக் களம் அமைத்தல்

நுழைவுக் கட்டணம் கொடுக்காமலே ஒரு தோப்பிலோ பள்ளி மைதானத்திலோ 150 மீட்டர் சுற்றுக்குள் நல்ல களம் அமைக்கலாம். சமநிலை கேட்கும் தடை கால் சோரும் முன் வர வேண்டும். ஆகவே தரையிலிருந்து ஓரடி உயரத்தில் செங்கல்மேல் கிடத்திய பலகை நடை முதலில். அடுத்து, படுக்க வைத்த பழைய லாரி டயர்களுக்குள் கால் மாற்றி மாற்றி ஓடுவது. மூன்றாவது, இரு பக்கமும் முளையடித்து முழங்கால் உயரத்தில் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் தவழ்வது. நான்காவது, மணல் மூட்டையை 20 மீட்டர் சுமப்பது. பெரியவருக்கு 10 கிலோ, சிறுவருக்கு 2 கிலோ. ஐந்தாவது, இரண்டு மரங்களுக்கு இடையே மேலும் கீழுமாகக் கட்டிய இரு கயிறுகளில் கீழ்க்கயிற்றில் நடந்து மேல்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடப்பது. கடைசியில் சேற்றுக் குழி. பிள்ளைகள் ஏறும் எதுவும் பெரியவர் கை நீட்டினால் எட்டும் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அதன் அடியில் மணலோ வைக்கோலோ தடிமனாகப் பரப்பியிருக்க வேண்டும். வழுக்கிச் செல்லும் தடையில் கால்தான் முன்னே போக வேண்டும், தலை போகக் கூடாது. கண்ணாடித் துண்டு, ஆணி, கட்டு அவிழும் கயிறு ஆகியவற்றைப் பார்க்க, களம் அமைத்தவரே முதலில் ஒரு சுற்று ஓடிவிட வேண்டும்.

வேகத்துக்கு அளவுகோல் பேச்சு. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறவரை அந்த வேகம் உடலுக்கு ஒத்தது. அணியில் யாருக்குப் பேச்சு முதலில் நிற்கிறதோ, அவருடைய வேகமே அணியின் வேகம். தடையை மறுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பயந்த பிள்ளையை ‘இதுகூட முடியாதா’ என்று தள்ளினால் அடுத்த முறை அது வராது. மறுத்தவர் பக்கத்தில் பத்து முறை உட்கார்ந்து எழுந்து தொடரலாம்.

அணியின் நேரத்தைக் குறிக்க ஒரே விதி போதும்: முதல் ஆள் கோட்டைத் தொடும்போது கடிகாரம் நிற்பதில்லை, கடைசி ஆள் தொடும்போதுதான் நிற்கும். இந்த விதி இருந்தால், முன்னே போய்விட்ட பேரன் திரும்பி ஓடிவந்து பாட்டியின் மூட்டையை வாங்கிக்கொள்வது அணிக்கு லாபமான கணக்காகவே ஆகிவிடும்.